ஷரிபுதீன் போடியாரின் வெட்டு மிசின்

"இத உலையில போடுறதா, மாட்டுக்கு வைக்கிறதா? அத மட்டும் சொல்லுங்க மச்சான்."

"சத்தம் போடாத. வேலிக்கு அங்கால ஆள் நிக்கிது."

"நிக்கட்டும். எங்கட வாப்பா சீதனமாத் தந்த எருமையள வித்துப்போட்டு இந்த மனிசன் என்னத்த வாங்கிட்டு வந்திரிக்கார் எண்டு ஊருக்கும் தெரியட்டும்."

புருசன் ஷரிபுதீன் போடியாரின் முகத்துக்கு நேரே சபூறா நீட்டிய சுளகில் நெல், வைக்கோல், சேறு மூன்றும் ஒன்றாக அரைபட்டுக் கிடந்தன. வேலிக்கு அங்கால நின்றது பக்கத்து வளவுச் சம்ஸியா. உடுப்புக் காயப்போட வந்ததாக அவள் பிறகு சொன்னாள். கையில் உடுப்பு ஒன்றும் இருக்கவில்லை.

சாய்ந்தமருதில் அந்நாளில் சொந்தமாக டிரக்டர் வைத்திருந்தவர்கள் ஓரிருவர்தான். அதில் பெரிய வயற்காரரான ஷரிபுதீன் போடியார் ஒருவர். அந்தப் பெருமை அவருக்குப் போதவில்லை. கல்லோயாவில் அணை கட்ட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர்மார் ஊர் திரும்பியபோது அவர்களுடைய பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கட்டில், மேசை, கண்ணாடி அலுமாரி என்று மற்றவர்கள் வாங்க, போடியாரின் கண் டிரக்டருக்குப் பின்னால் பூட்டுகிற ஒரு சாமானில் விழுந்தது. பெரிய இரும்புத் தாச்சிச் சட்டியைக் கவிழ்த்து, சின்னச் சின்னச் சில்லுப் பூட்டி, அடியில் கத்தி வைத்த மாதிரி இருந்தது.

"இது என்ன சாமான்?" என்று கேட்டார்.

"வெட்டுற மிசின்" என்றார் ஏலக்காரர்.

நம் பக்கத்தில் வெட்டு என்றால் ஒன்றுதான். 'வெட்டு எப்ப?' என்று ஒருவர் கேட்டால் நெல்லறுக்கிற வெள்ளாமை வெட்டைத்தான் கேட்கிறார். ஆகவே என்னத்தை வெட்டுகிற மெஷின் என்று கேட்கப் போடியாருக்குத் தோன்றவே இல்லை. பங்களா முற்றத்துப் புல்லைத் தலைமயிர் கத்தரித்தாற்போல ஒரே மட்டமாக வெட்டுவதற்கென்று ஒரு மெஷினைச் செய்து, அதைக் கப்பலிலும் ஏற்றி அனுப்புவார்கள் என்று இந்தக் கரையில் யார் நினைப்பார்கள்? இங்கே புல் வெட்டுவது மாடு. அதற்குக் கூலி கிடையாது. பாலும் தரும்.

வெட்டுக்காலம் வந்ததும் மெஷின் வயலில் இறங்கியது. கதிரை வெட்டியது உண்மை. வெட்டிய கதிரை வயிற்றுக்குள்ளேயே வைத்து அரைத்து, பின்பக்கத்து வாயால் வயல் முழுக்கத் துப்பிக்கொண்டு போனதும் உண்மை. போடியார் முன்னால் பார்த்து ஓட்டினார். வரம்பில் நின்றவர்கள் இரண்டு கையையும் ஆட்டினார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து அவரும் ஒரு கையை ஆட்டினார். வயலின் அந்தத்தில் திரும்பியபோதுதான் பின்னால் கொக்குகள் பந்தி வைத்தாற்போல இறங்கியிருந்தது தெரிந்தது.

காரைதீவுக் கம்மாலைக் கொல்லன் நல்லரெத்தினத்தைக் கூட்டிவந்து காட்டினார். அவர் மெஷினுக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி, "கத்தி மொட்டை போடியார். தீட்டினாச் சரிவரும்" என்றார்.

தீட்டினார்கள். அடுத்த வயலில் நெல் இன்னும் நைசாக அரைபட்டது. அந்த அரைத்த நெல்தான் இப்போது சபூறாவின் சுளகில் இருந்தது.

"இது புல்லுக்கெண்டு செஞ்ச மிசினாம் புள்ள. நல்லரெத்தினம் ஆரையோ கேட்டுட்டு வந்து சொன்னான்."

"அப்ப புல்ல வெட்டுங்க. போய் ஆட்டுக்காரனுகள்ட கேளுங்க, ஆடு மேய்க்கிறதுக்குப் பதிலா உங்களக் கூப்புடுவானுகளா எண்டு."

சபூறாவின் கோபத்துக்கு எருமைகள் மட்டும் காரணமல்ல. மகள் சுல்பிகாவின் கலியாணப் பேச்சு அப்போது ஒரு இழுவையில் நின்றது. மாப்பிள்ளை மர்சூக் கல்முனைக் கந்தோரில் கிளாக்கர். பொடியனுக்கு விருப்பம். சுல்பிகாவுக்கும் விருப்பம் என்பது, அவன் சைக்கிள் மணி அடிக்கிற நேரம் பார்த்து அவள் கிணற்றடிக்குப் போவதிலிருந்து அயலுக்கெல்லாம் தெரியும். மாப்பிள்ளை வந்து இருக்கச் சீதன வீடும் கட்டிக் கூரை போட்டாயிற்று. ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் மர்சூக்கின் தாய்மாமன் சாலிஹ் மரைக்கார். பள்ளிவாசல் காரியம், ஊராரை அடக்குகிற மையவாடிக் காரியமெல்லாம் பார்க்கிறவர். அவர் தலையசைக்காமல் அந்தக் குடியில் ஒரு கலியாணமும் நடக்காது. முதலில் சரியென்று தலையசைத்த மனிதர், கொஞ்ச நாளாக 'பாப்பம்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு கார் அவருடைய கடப்படியில் வந்து நின்றதைச் சம்ஸியா கண்டிருந்தாள். அதில் யார் வந்தார்கள் என்பது மட்டும், அவள் எவ்வளவு எட்டிப் பார்த்தும் தெரியவில்லை.

ஆகவே போடியாருக்கு ஒரு யோசனை வந்தது. மனிதர் யோசிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"மரைக்கார், மையவாடியில புல்லு ஆளுயரத்துக்கு நிக்கிது. பாம்பும் இரிக்கி. என்ட மிசினால வெட்டித் தாறன். பள்ளிக்குச் சும்மாதான்."

சாலிஹ் மரைக்கார் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "புதுப் பக்கத்த மட்டும் வெட்டுங்க ஷரிபுதீன். அங்க இன்னும் ஆரையும் அடக்கல்ல. பழைய பக்கத்துக்குப் போயிராதீங்க. அங்க கபுறு இரிக்கி."

"ஓம் ஓம். அது எனக்குத் தெரியாதா?"

அசர் தொழுகைக்குப் பிறகு வெட்டு ஆரம்பமானது. ஊர் திரண்டு வந்து மதிலோரம் நின்றது. வெள்ளைக்காரன் பங்களா முற்றத்துக்கு எப்படி வெட்டினானோ அப்படியே மையவாடியிலும் புல் மட்டமாகப் படிந்தது. பார்த்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். ஊருக்குள் வந்த நாளிலிருந்து அந்த மெஷினை ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. போடியாருக்கு நிறுத்த மனமில்லை. இன்னும் ஒரு சுற்று என்று போனார். அதற்குப் பிறகு இன்னும் ஒன்று. பழைய பக்கம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட முன்னொரு காலத்தில் வேலி இருந்தது. இப்போது புல் மட்டும் இருந்தது.

பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் ஹமீட் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கையை ஆட்டினார். போடியாரும் கையை ஆட்டினார்.

கபுறுகளில் நட்டிருந்த மீசான் கட்டைகளெல்லாம் பழைய மரம். கறையான் பாதி தின்றது. தீட்டிய கத்திக்கு அது கரும்பு மாதிரி. நல்லரெத்தினம் கத்தியைத் தீட்டாமல் விட்டிருந்தால் கட்டைகள் சாய்ந்ததோடு போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். பக்கத்தால் எறிகிற மெஷினாக இருந்தாலும் துண்டுகள் அந்தந்தக் கபுறுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கும். இதற்குப் பின்பக்கத்து வாய். மெஷின் போன வழி நெடுகச் சிராய்கள் விதைநெல் எறிந்தாற்போல ஒரே சீராகச் சிதறிக் கிடந்தன. எந்தக் கட்டை எந்தக் கபுறுக்குரியது என்று படைத்த ரப்பையே கேட்டால்தான் உண்டு. கடற்கரை மணல், மேடுகளும் எத்தனையோ மாரிக்குக் கரைந்து மட்டமாகியிருந்தன.

டிரக்டரை நிறுத்தியதும் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.

சாலிஹ் மரைக்கார் வந்தார். ஆத்திரப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் ஆத்திரப்படவில்லை. சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"ஷரிபுதீன், எங்கட வாப்பா கிடந்த இடம் எது?"

போடியார் டிரக்டரை விட்டு இறங்கி ஒரு சிராயைக் குனிந்து எடுத்தார்.

"அத மட்டும் காட்டுங்க. வாப்பாட கபுறு இதுதான் எண்டு நீங்க சரியாக் காட்டுற அண்டைக்கி நிக்காஹுக்கு நாள் வைப்பம். அதுவரைக்கும் என்ட மருமகன உங்கட வீட்டுக்கு நான் எப்பிடி அனுப்புற? ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

போடியாருக்கு அது நீதியாகவே பட்டது. ஊருக்கும் பட்டது.

தச்சுவேலை பளீல் ஓடாவியைப் பிடித்துப் புதுக் கட்டைகள் அறுத்தார்கள். ஆண் கபுறுக்கு இரண்டு மீசான், பெண் கபுறுக்கு மூன்று. மோதினார் ஹமீட் முன்னால் நடந்து, "இது பொம்புள... இது ஆம்புள... இதுவும் ஆம்புளையாத்தான் இரிக்கணும்" என்று கைகாட்டிக்கொண்டு போனார். பளீல் நட்டுக்கொண்டு போனார். மரைக்காரின் வாப்பா வேம்புக்குக் கீழே என்று முடிவாகி அங்கே இரண்டு கட்டை நின்றது. பளீல் ஓடாவி மரத்தை வீணாக்காத மனிதர். கடைசியில் ஒரு கட்டை மிஞ்சிவிட்டது. அதையும் வேம்படியில் நட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வந்த ஊர் முழுக்க வேம்படியைப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

"வாப்பாவத் தேடித் தாங்க எண்டுதான் சொன்ன. பொம்புளையாக்கித் தரச் சொல்லல்ல" என்றார் மரைக்கார்.

மூன்றாவது கட்டையைப் பிடுங்கினாலும் சொல் பிடுங்குப்படவில்லை. மரைக்காரைக் கண்டால் பொடியன்கள் மூன்று விரலைக் காட்டிவிட்டு ஓடினார்கள்.

"இப்பிடிச் சரிவராது" என்று போடியார் சபூறாவிடம் சொன்னார். "மரைக்கார்ட வாப்பாட ஜனாஸா அடக்கத்துக்குப் போன வயசாளியள் இன்னும் ஊருல இரிக்காங்க. அவங்களக் கூப்பிட்டுக் கேப்பம்."

"கூப்பிட்டா வெறும் வயித்தோட அனுப்ப ஏலுமா?"

ஏலாது. முதல் நாள் மீராமுகைதீன் வந்தார். கோழிக்கறியோடு சாப்பிட்டுக் கைகழுவியதும் அவருக்கு எல்லாம் நினைவு வந்தது.

"வேம்படியா? ஆர் சொன்ன? கிழக்கு மூலையில தம்பி. சந்தூக்குப் பெட்டிய முன்னுக்குப் புடிச்சது நான்தானே. இந்தத் தோள் இண்டைக்கும் நோகுது."

அடுத்ததாக வந்தவர் கிழக்கு மூலை என்றதைக் கேட்டுச் சிரித்தார். தான்தான் கபுறுக்குள் இறங்கி மையித்தை வாங்கி வைத்ததாகவும், அது மதிலுக்குப் பக்கத்தில் என்றும், அன்றைக்கு நல்ல மழை என்றும் சொன்னார். இன்னொருவர் அன்று கொதிக்கிற வெயில் என்றும், தான்தான் குடை பிடித்ததாகவும், இடம் மையவாடிக் கிணற்றடி என்றும் சொன்னார். மரைக்காரின் வாப்பாவைத் தூக்கியவன், இறக்கியவன், மண் போட்டவன் என்று சொல்லிக்கொள்ள ஊரில் யாருக்கும் கசக்கவில்லை. அதுவும் மரைக்காரின் காதில் விழுகிற மாதிரி.

மோதினார் ஹமீட் மட்டும் வேம்படியை விட்டு அசையவில்லை. "அல்லாஹ்வுக்காகச் சொல்றன், தலைமாட்டுக்குத் தண்ணி ஊத்தினது இந்தக் கை" என்று கையை நீட்டினார். அந்தக் கையில் சபூறாவின் கோழிக்கால் இருந்தது.

"கோழி முடியுது. கபுறு கூடிக்கிட்டே போகுது" என்றாள் சபூறா.

யார் சொல்வது சரியென்று போடியாருக்குப் பிடிபடவில்லை. ஒருவரைப் பொய்யராக்கவும் மனம் வரவில்லை. ஆகவே எல்லோரும் சொன்ன எல்லா இடத்திலும் இரண்டு இரண்டு கட்டை நடச் சொன்னார். மரைக்காரின் வாப்பா எங்கே கிடந்தாலும் அவருக்கு ஒரு மீசான் கிடைத்துவிடும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு பிழை. அந்த இடங்களில் ஏற்கனவே மற்றவர்களுடைய ஆட்கள் கிடந்தார்கள். கிணற்றடியில் தன் உம்மாவுக்கு யாசீன் ஓத வந்த ஒருவன், அங்கே மரைக்காரின் வாப்பாவுக்கு யாசீன் ஓதிக்கொண்டிருந்த மீராமுகைதீனைக் கண்டான். மீராமுகைதீன் கிழக்கு மூலையை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் ஓதத் தொடங்கியிருந்தார், பாதுகாப்புக்காக. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து குரலை உயர்த்தி உயர்த்தி ஓதினார்கள். முடிவில் தொப்பிகள் பறந்தன. வருடக்கணக்கில் மையவாடிப் பக்கம் தலை வைத்துப் படுக்காத குடும்பங்களெல்லாம் இப்போது கத்தி கம்போடு வந்து தங்கள் மௌத்தாளிகளுக்கு எல்லை பிடித்தன. பழைய பக்கத்தில் ஒரு முழம் நிலம் மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் காரணமாக எல்லோரும் கைகாட்டியது ஷரிபுதீன் போடியாரை.

அவர் கடைசியாக மரைக்காரின் வாசலுக்கே போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. மரைக்கார் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை.

"மரைக்கார், நான் தோத்திட்டன். நீங்களே ஒருக்கா வந்து இடத்தக் காட்டுங்க. மகன் நீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"அந்த இடத்த நினைச்சாலே எனக்குக் கண் இருளுது ஷரிபுதீன்."

"அப்ப நான் என்ன செய்யிற?"

"தேடுங்க. நான் அவசரப்படுத்தல்ல."

போடியார் நனைந்தபடி வீடு வந்தார். முன்னெல்லாம் கடைத்தெருவில் அவரைக் கண்டு எழும்பி இடம் கொடுத்தவர்கள், இப்போது அவர் உட்கார வந்தால் எழும்பிப் போனார்கள். பள்ளியில் முதல் வரிசையை விட்டுக் கடைசி வரிசைக்கு வந்தார். பிறகு வீட்டிலேயே தொழுதார். அப்படியும் அவர் தேடுவதை விடவில்லை. விடிந்தால் ஒரு கம்போடு மையவாடிக்குப் போவார். மணலைக் குத்திப் பார்ப்பார். யாரோ ஒருவருடைய வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்பார். அடுத்த இடத்துக்குப் போவார்.

ஒரு நாள் அவர் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தபோது சுல்பிகா கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கிணற்றடிக்குப் போகிற நேரம் மாறியிருந்தது. இப்போது சைக்கிள் மணி அந்த வழியால் வருவதுமில்லை.

"வாப்பா, இனிப் போகாதீங்க."

"இன்னும் வடக்குப் பக்கம் இரிக்கி மகள். அங்க பாக்கல்ல."

"அவருக்குச் சம்மாந்துறையில கலியாணக் காவின் எழுத நாள் குறிச்சிட்டாங்க. சம்ஸியா மாமி இப்பதான் சொல்லிட்டுப் போறா."

போடியார் கம்பைச் சுவரில் சாத்தினார். நெடுநேரம் காலைக் கழுவினார். சபூறா அன்று சண்டை பிடிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது என்று சம்ஸியா சொன்னாள். வேலிக்கு அங்கால இருந்து அவளுக்கு எல்லாம் கேட்கும்.

மர்சூக் சம்மாந்துறையில் கலியாணம் முடித்து அங்கேயே பெண் வீட்டோடு போய்விட்டான். அந்த வீட்டாருக்குக் குளத்துப் பாய்ச்சலில் நல்ல வயல் என்று கேள்வி. சுல்பிகாவுக்கு இரண்டு வெட்டுக்காலம் கழித்து மருதமுனையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தான். நெசவுத் தொழில். அதிகம் கதைக்காத பிள்ளை. அவளும் அந்த நாளையில் அதிகம் கதைக்கவில்லை. பொருத்தம் என்று சொன்னார்கள். மூத்தவன் பிறந்த பிறகுதான் அந்த வீட்டில் அவள் சிரித்த சத்தம் வேலிக்கு அங்காலயும் கேட்டது. சபூறாவுக்குப் புதிதாக ஒரு சோடி எருமை வந்தது. மீராமுகைதீன் மௌத்தானார், அவரைப் புதுப் பக்கத்தில் அடக்கி, மேட்டின் மேல் கல்லாலேயே மீசான் வைத்தார்கள். ஷரிபுதீன் போடியார் வருடத்தில் பாதி நாள் இறக்காமத்து வயல் வாடியில் யானைக்குக் காவல் இருந்தார். யானைகள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மெஷின் மாமரத்தின் கீழே கோழிகளுக்குக் கூடாயிற்று. ஊரில் அதை இரும்புக்குக்கூட யாரும் கேட்கவில்லை.

கடைசியில் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வயதான மனிதர் அதைத் தேடி வந்தார். பெரிய தென்னந்தோட்டக்காரர். தென்னைகளுக்கு இடையில் புல் மண்டிவிட்டது. அதை வெட்டி அந்த இடத்திலேயே பசளையாகப் போட்டுவிட்டுப் போகிற மெஷின் ஒன்று சாய்ந்தமருதில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். குனிந்து பின்பக்கத்து வாயைத் தடவிப் பார்த்தார். கோழிகளை விரட்டிவிட்டுக் கத்தியைப் பார்த்தார்.

"அருமையான மிசினெல்லோ. இதப் போய் ஏன் விக்கிறீங்க?"

போடியார் சொன்னார். யாரும் இப்படி நிதானமாக உட்கார்ந்து கேட்டு அவருக்கு வெகுகாலம். ஆகவே ஒன்றும் விடாமல் சொன்னார். எருமையைச் சொன்னார், கொக்கைச் சொன்னார், மூன்றாவது கட்டையைச் சொன்னார். மழையில் நனைந்ததையும், மகள் கால் கழுவத் தண்ணீர் வைத்ததையும் சொன்னார். சாலிஹ் மரைக்காரின் வாப்பாவைத் தன்னால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியாமல் போனதைக் கடைசியாகச் சொன்னார்.

சபூறா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வேலிக்கு அங்கால சம்ஸியா உடுப்புக் காயப்போட வந்தாள்.

அக்கரைப்பற்று மனிதர் கோப்பையைக் கையில் எடுத்தவர் குடிக்காமல் போடியாரைப் பார்த்தார்.

"சாலிஹ்ட வாப்பாவா? அவரு பொண்டாட்டியோட கோவிச்சுக்கிட்டு, சாலிஹ் தொட்டில்ல கிடக்கக்குள்ளயே எங்கட ஊருக்குத் திரும்பி வந்து, அங்கயே மௌத்தாகி, எங்கட பள்ளி மையவாடியிலதானே கிடக்கார்."